விக்டோரியா ஏரி: மூன்று நாடுகள் பகிரும் நன்னீர்



நீர்வளம், வள முகாமைத்துவம், சூழற் பிரச்சினைகள் ஆகியவை பற்றிய வினாக்களுக்கு விடை எழுதும்போது “பொருத்தமான உதாரணம் தருக” என்ற வரியைக் கண்டதும் பலர் பேனையை வைத்துவிட்டு யோசிக்கின்றனர். ஓர் உதாரணத்தை நன்கு கற்றுக்கொண்டால் அதனைப் பல வினாக்களுக்குப் பயன்படுத்தலாம். அவ்வாறான ஓர் உதாரணமாக ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியை இப்பாடத்தில் விரிவாக நோக்குவோம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. எனது வகுப்பில் இந்த ஏரியைப் பற்றி எழுதச் சொன்னபோது ஒரு மாணவி மகாவலி கங்கை, தெல்தெனிய, நீர்மின் நிலையம் என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தாள். எழுதியது எல்லாம் சரி. ஆனால் அது இலங்கையின் விக்டோரியா நீர்த்தேக்கம். மனிதர் அணை கட்டி உருவாக்கியது நீர்த்தேக்கம். இயற்கையாக உருவானது ஏரி. வினாவில் உள்ள சொல்லை இரு தடவை வாசித்த பின்னரே எழுதத் தொடங்குங்கள்.

1. அமைவிடம்

விக்டோரியா ஏரி கிழக்காபிரிக்க மேட்டுநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,135 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. மத்திய கோடு ஏரியின் வடபகுதியூடாகச் செல்கின்றது. தன்சானியா, உகண்டா, கென்யா ஆகிய மூன்று நாடுகள் இதனைப் பகிர்ந்துகொள்கின்றன. ஏரியின் ஏறக்குறைய அரைவாசி தன்சானியாவுக்கும், நூற்றுக்கு 43 முதல் 45 வரையான பகுதி உகண்டாவுக்கும், நூற்றுக்கு 6 அளவான பகுதி கென்யாவுக்கும் உரியன.

ஏரிக்கரையிலுள்ள முக்கிய நகரங்கள்:

தன்சானியா - முவான்சா, புக்கோபா, முசோமா
உகண்டா - எண்டெபே, ஜிஞ்சா (தலைநகர் கம்பாலாவும் அண்மையிலேயே உள்ளது)
கென்யா - கிசுமு

புறவுருவப் படத்திற் குறிக்கும்போது ஏரியைச் சதுரம் போன்ற வடிவில், மத்திய கோடு அதன் மேற்பகுதியை வெட்டிச் செல்லுமாறு வரையுங்கள். ஒடுங்கி நீண்டு மேற்கே காணப்படுவது தங்கனிக்கா ஏரியாகும். இவ்விரண்டையும் மாற்றிக் குறிப்பது சாதாரணமாக விடப்படும் தவறாகும்.

2. பரப்பு பெரிது, ஆழம் சிறிது

இவ்வேரியின் பரப்பளவு ஏறக்குறைய 68,800 சதுர கிலோமீற்றர். இலங்கையின் பரப்பளவு 65,610 சதுர கிலோமீற்றர் என்பது உங்களுக்குத் தெரியும். எனவே நமது நாடு முழுவதையும் தூக்கி இந்த ஏரிக்குள் வைத்தாலும் நீர் சிறிது மிஞ்சி நிற்கும். பரப்பளவின்படி இது ஆபிரிக்காவின் மிகப் பெரிய ஏரியாகும். உலகின் நன்னீர் ஏரிகளுள் வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கு அடுத்ததாக இரண்டாம் இடத்தைப் பெறுகின்றது.

“உலகின் மிகப் பெரிய ஏரி” என்று எழுதிவிடாதீர்கள். கஸ்பியன் கடல் பரப்பளவில் மிகப் பெரியது. ஆனால் அது உவர்நீரைக் கொண்டது. நன்னீரின் கனவளவில் முதலிடம் பெறுவது ரஷ்யாவின் பைக்கால் ஏரி.

பரப்பிற் பெரிதாயினும் விக்டோரியா ஏரி ஆழமற்றது. இதன் சராசரி ஆழம் 40 மீற்றர் மட்டுமே. மிக ஆழமான இடத்திலும் 80 மீற்றர் அளவே உண்டு. இதனைத் தங்கனிக்கா ஏரியுடன் ஒப்பிட்டு ஒரு சிறு கணிப்புச் செய்து பார்ப்போம்.

கனவளவு = பரப்பளவு × சராசரி ஆழம்

விக்டோரியா: 68,800 × 0.04 = ஏறக்குறைய 2,750 கன கிலோமீற்றர்
தங்கனிக்கா: 32,900 × 0.57 = ஏறக்குறைய 18,750 கன கிலோமீற்றர்

பரப்பில் அரைவாசியளவேயான தங்கனிக்கா ஏரி ஏறக்குறைய ஏழு மடங்கு நீரைக் கொண்டுள்ளது. எனவே விக்டோரியா ஏரியை ஆழக் கிணறு என்று எண்ணாமல் ஓர் அகன்ற தட்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். தட்டிலுள்ள நீர் விரைவில் ஆவியாகும், விரைவில் அழுக்கடையும், சிறிது ஊற்றினாலும் விளிம்பைத் தாண்டும். கீழே வரும் பகுதிகள் யாவற்றுக்கும் இந்த ஓர் உண்மையே திறவுகோலாகும்.

3. ஏரி உருவான முறை

கிழக்காபிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு இரு கிளைகளாகச் செல்கின்றது. மேற்குக் கிளையினுள் தங்கனிக்கா, அல்பேர்ட், எட்வேர்ட் முதலிய ஏரிகள் அமைந்துள்ளன. பிளவினுள் விழுந்த நீர் என்பதாலேயே தங்கனிக்கா ஒடுக்கமாகவும் மிக ஆழமாகவும் காணப்படுகின்றது.

விக்டோரியா ஏரியோ பிளவினுள் அமையவில்லை. அது இரு கிளைகளுக்கும் இடைப்பட்ட தாழ்ந்த மேட்டுநிலப் பகுதியில் உருவாகியது. ஏறக்குறைய 400,000 ஆண்டுகளுக்கு முன்னர் மேற்குப் பிளவின் ஓரம் மேலுயர்த்தப்பட்டது. அதுவரை மேற்கு நோக்கிப் பாய்ந்த ஆறுகள் தடுக்கப்பட்டன. தடைப்பட்ட நீர் நடுவிலுள்ள தாழ்நிலத்திற் பரந்து தேங்கியது. பரந்து தேங்கியதால்தான் ஆழம் குறைவாயிற்று.

இந்த ஏரி ஏறக்குறைய 17,000 ஆண்டுகளுக்கு முன்னர் வறட்சியினால் வற்றி, பின்னர் ஏறக்குறைய 15,000 ஆண்டுகளுக்கு முன்னர் மீண்டும் நிரம்பியதை ஏரியின் அடிமண் படிவுகளிலிருந்து ஆய்வாளர் அறிந்துள்ளனர். இவ்வளவு பெரிய ஏரியும் காலநிலை மாறினால் வற்றக்கூடியதே என்பதை இது காட்டுகின்றது.

4. நீர் வருவதும் போவதும்

ஏரிக்குப் பல ஆறுகள் நீரைக் கொண்டுவருகின்றன. அவற்றுள் பெரியது மேற்கிலிருந்து வரும் ககேரா ஆறு. இது ருவண்டா, புருண்டி நாடுகளின் நீரையும் சேர்த்துக்கொண்டு வருகின்றது. கென்யாவிலிருந்து ன்சோயா, யாலா, நியாண்டோ ஆகிய ஆறுகள் வருகின்றன. மசாய் மாரா, செரங்கெற்றி வனவிலங்குப் பிரதேசங்களூடாகப் பாயும் மாரா ஆறு தன்சானியாவில் ஏரியை அடைகின்றது. ஆகவே ஏரியை மூன்று நாடுகள் பகிர்ந்தாலும் அதன் நீரேந்து பிரதேசத்தை ஐந்து நாடுகள் பகிர்கின்றன. இவ்வேறுபாட்டை எழுதும் மாணவர் மற்றவர்களிலிருந்து தனித்துத் தெரிவார்.

ஆயினும் ஏரி பெறும் நீரில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பங்கு ஆறுகளாலன்றி ஏரியின் மேல் நேரடியாகப் பெய்யும் மழையினாலேயே கிடைக்கின்றது. அவ்வாறே வெளியேறும் நீரிலும் மிகப் பெரும்பங்கு ஆவியாகிச் செல்கின்றது. எஞ்சியது ஒரேயொரு வாயிலால், அதாவது ஜிஞ்சா நகரருகே தொடங்கும் விக்டோரியா நைல் ஆற்றினால் வெளியேறுகின்றது. இதுவே வெள்ளை நைலாகத் தொடர்ந்து சென்று, கார்ட்டூமில் நீல நைலுடன் சேர்ந்து, எகிப்தை அடைந்து மத்தியதரைக் கடலில் விழுகின்றது.

ஜோன் ஸ்பீக் என்ற ஆங்கிலேயர் 1858 இல் ஏரியின் தென்கரையை அடைந்தார். 1862 இல் நைல் வெளியேறும் இடத்தைக் கண்டார். தமது நாட்டு அரசியின் பெயரை ஏரிக்குச் சூட்டினார். “ஸ்பீக் ஏரியைக் கண்டுபிடித்தார்” என எழுதுவதிலும் “ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்தினார்” என எழுதுவதே பொருத்தமாகும். ஏனெனில் அக்கரையில் வாழ்ந்த மக்கள் அதனை நலுபாலே என்றும் நாம் லோல்வே என்றும் தத்தம் மொழிகளில் ஏற்கனவே அழைத்து வந்தனர்.

5. காற்றும் இரவு இடியும்

கடற்காற்று, தரைக்காற்று பற்றி நீங்கள் படித்திருக்கிறீர்கள். கடலுக்கு மட்டுமல்ல, இவ்வளவு பெரிய ஏரிக்கும் அது பொருந்தும்.

பகலில் தரை விரைவாக வெப்பமடைகின்றது. ஏரியிலிருந்து ஈரக்காற்று தரையை நோக்கி வீசுகின்றது. அது சுற்றியுள்ள உயர்நிலங்களில் ஏறிப் பிற்பகல் மழையைக் கொடுக்கின்றது. கென்யாவின் கெரிச்சோ மாவட்டத்தில் தேயிலை செழிப்பதற்கு இம்மழை ஒரு முக்கிய காரணமாகும். உலகச் சந்தையில் இலங்கைத் தேயிலைக்குப் போட்டியாக நிற்பது கென்யத் தேயிலை என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம்.

இரவில் இது தலைகீழாகின்றது. தரை குளிர்ந்துவிட, ஏரி நீர் வெப்பமாக இருக்கின்றது. நான்கு பக்கத்திலிருந்தும் தரைக்காற்று ஏரியின் நடுவை நோக்கி வீசி, ஒன்றோடொன்று சந்தித்து மேலெழுகின்றது. இதனால் இரவிலும் அதிகாலையிலும் ஏரியின் மேல் கடும் இடிமின்னலும் சூறைக்காற்றும் உண்டாகின்றன. சிறு மீன்களை விளக்கு வெளிச்சத்தினாற் கவர்ந்து பிடிப்போர் அதே இரவில்தான் சிறு வள்ளங்களில் ஏரியில் நிற்கின்றனர். இதனால் ஆண்டுதோறும் பெருந்தொகையானோர் உயிரிழக்கின்றனர். பாடநூலில் இரண்டு அம்புக்குறிகளாக நீங்கள் வரையும் தரைக்காற்று, அங்கு ஒரு குடும்பத்தின் தந்தை வீடு திரும்புவாரா என்பதைத் தீர்மானிக்கின்றது.

6. மீன்வளமும் ஒரு பெரும் பரிசோதனையும்

இந்த ஏரியில் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த 500 இற்கும் மேற்பட்ட மீனினங்கள் வாழ்ந்தன. அவற்றுட் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. 1950களில் குடியேற்ற ஆட்சிக் காலத்தில், மீன் உற்பத்தியைக் கூட்டும் நோக்குடன் நைல் கொடுவா என்ற பெரிய மீன் ஏரியில் விடப்பட்டது. இது நமது களப்புகளில் அகப்படும் கொடுவா மீனின் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் 2 மீற்றர் நீளம்வரை வளரக்கூடியது, மற்ற மீன்களை உண்பது.

சுமார் முப்பது ஆண்டுகள் பெரிய மாற்றம் தெரியவில்லை. 1980களில் நைல் கொடுவா திடீரெனப் பெருகியது. உள்நாட்டுச் சிறு மீனினங்களில் ஏறக்குறைய 200 மறைந்துபோயின.

இதனால் விளைந்த நன்மைகளையும் தீமைகளையும் சமநிலையில் நோக்குதல் வேண்டும்.

நன்மைகள்:
(அ) மீன் பிடிப்பு பன்மடங்கு அதிகரித்தது.
(ஆ) மீன் பதனிடும் தொழிற்சாலைகள் தோன்றின.
(இ) ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்து மூன்று நாடுகளும் வெளிநாட்டுச் செலாவணி பெற்றன.

தீமைகள்:
(அ) உயிர்ப் பல்வகைமை அழிந்தது.
(ஆ) நல்ல மீன் ஏற்றுமதிக்குப் போக, கரையிலுள்ள ஏழைகளுக்குத் தலையும் முள்ளுமே மிஞ்சிய இடங்கள் உண்டு.
(இ) சிறு மீன்களை வெயிலிற் காயவைக்கலாம். கொழுப்பு மிகுந்த நைல் கொடுவாவைப் புகையூட்ட வேண்டும். அதற்கு விறகு தேவைப்பட்டதால் கரையோரக் காடுகள் குறைந்தன.
(ஈ) அல்காக்களை உண்ட மீன்கள் அழிந்தமையும் நீர் மாசடைவதற்குத் துணைபுரிந்தது.

இன்று சாதாரண மக்களின் உணவாக இருப்பது நெத்தலி போன்று காயவைத்து உண்ணப்படும் ஒரு சிறு வெள்ளி மீன். தன்சானியாவில் அதனைத் தகா என்றும், உகண்டாவில் முக்கேனே என்றும், கென்யாவில் ஒமேனா என்றும் அழைக்கின்றனர். மீன் ஒன்றே, பெயர் மூன்று. எல்லைக் கோடு மீனுக்குத் தெரியாது என்பதற்கு இதனைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

7. மாசடைதலும் ஆற்றுவாழையும்

ஏரியின் நீரேந்து பிரதேசத்தில் 4 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழ்கின்றனர். வயல்களிலிருந்து பசளையும், நகரங்களிலிருந்து கழிவுநீரும், காடழிந்த சரிவுகளிலிருந்து மண்ணும் ஏரியை அடைகின்றன. நைதரசனும் பொசுபரசும் மிகுவதால் அல்காக்கள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. அவை இறந்து அழுகும்போது ஒட்சிசன் குறைகின்றது. விஞ்ஞான பாடத்தில் நீங்கள் படிக்கும் நற்போசணையாக்கம் இதுவே.

தென்னமெரிக்காவைச் சேர்ந்த ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) 1980களின் இறுதியில் இவ்வேரியிற் காணப்பட்டது. நமது குளங்களிலும் வாவிகளிலும் ஊதா நிறப் பூவுடன் மிதக்கும் அதே தாவரம்தான். 1990களில் அது துறைமுகங்களை மூடியது, வள்ளங்களைத் தடுத்தது, நீர் வடிகட்டும் நிலையங்களை அடைத்தது. இத்தாவரத்தையே உண்ணும் ஒருவகை வண்டுகளை விட்டு, உயிரியல் முறையில் அதனைக் கட்டுப்படுத்த முயன்றனர். 1990களின் இறுதியில் அது பெருமளவு குறைந்தது. எனினும் முற்றாக ஒழியவில்லை. கிசுமு அமைந்துள்ள வினாம் குடாவில் அது மீண்டும் மீண்டும் பரவுகின்றது.

8. எல்லையும் ஒத்துழைப்பும்

உகண்டாவுக்கும் தன்சானியாவுக்கும் இடையிலான எல்லை ஏரியின் மேல் 1° தென் அகலக்கோட்டின் வழியே நேராகச் செல்கின்றது. இது 1890 இல் பிரித்தானியாவும் ஜேர்மனியும் செய்த உடன்படிக்கையின் விளைவு. கிசுமுப் பகுதி 1902 வரை உகண்டாவுடன் இருந்து, பின்னர் இன்றைய கென்யாவாகிய நிலப்பகுதியுடன் இணைக்கப்பட்டது. வரைந்தவர்கள் சென்றுவிட்டனர். கோடு நிலைத்துவிட்டது. மிகிங்கோ என்ற சிறு பாறைத் தீவு ஒரு விளையாட்டு மைதானத்தின் அளவுகூட இல்லை. ஆயினும் அதனைச் சூழ மீன்வளம் இருப்பதால் கென்யாவும் உகண்டாவும் அதற்கு உரிமை கோரியுள்ளன.

நீர் மட்டமும் அவ்வாறே. 1954 இல் உகண்டாவில் ஓவன் நீர்வீழ்ச்சி அணை (இன்று நலுபாலே எனப்படுவது) திறக்கப்பட்டது. அன்று முதல் ஏரியின் ஒரே வெளிவாயில் மனிதர் கையில் இருக்கின்றது. 2004 முதல் 2006 வரை வறட்சியும், மின்னுற்பத்திக்காக அதிக நீர் திறந்துவிடப்பட்டமையும் சேர்ந்து நீர் மட்டத்தைப் பெரிதும் தாழ்த்தின. உகண்டாவில் மின்விளக்கு எரிய, கென்யாவிலும் தன்சானியாவிலும் இறங்குதுறைகள் வறண்டன. மாறாக, 2020 இல் கனமழையினால் நீர் மட்டம் 1964 ஆம் ஆண்டின் உயர்மட்டத்தை எட்டியது. மூன்று நாடுகளிலும் கரையோர வீடுகளும் வயல்களும் நீரில் மூழ்கின.

ஒத்துழைப்புக்கான ஏற்பாடுகள்:

1994 - விக்டோரியா ஏரி மீன்பிடி அமைப்பு (தலைமையகம் ஜிஞ்சா)
1999 - நைல் வடிநில முன்முயற்சி
2000 - கிழக்காபிரிக்க சமூகம் மீண்டும் செயற்படத் தொடங்கியது. அதன் கீழ் விக்டோரியா ஏரி வடிநில ஆணைக்குழு கிசுமுவிலிருந்து இயங்குகின்றது
2010 - நைல் நீர் பற்றிய கூட்டுறவு உடன்படிக்கை எண்டெபேயில் ஒப்பத்திற்கு வைக்கப்பட்டது. 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. எகிப்தும் சூடானும் அதனை ஏற்கவில்லை

பயிற்சி வினாக்கள்

(1) விக்டோரியா ஏரியைப் பகிரும் மூன்று நாடுகளையும், நீரேந்து பிரதேசத்தில் மட்டும் பங்குள்ள இரு நாடுகளையும் தருக.

(2) விக்டோரியா ஏரி ஆழமற்றதாகவும் தங்கனிக்கா ஏரி ஆழமானதாகவும் இருப்பதற்கான காரணத்தை விளக்குக.

(3) ஏரியின் மேல் இரவில் இடியுடன் கூடிய மழை பெய்வது ஏன்? வரிப்படத்துடன் விளக்குக.

(4) “ஒரு நாடு தனித்து விக்டோரியா ஏரியைப் பாதுகாக்க முடியாது.” இக்கூற்றை ஆராய்க.

விடைக்குறிப்பு - வினா (4)

“ஆராய்க” என்றால் பட்டியல் போடுவதல்ல. காரணத்தையும் விளைவையும் இணைத்து எழுதுங்கள். ஒரு பந்தி இவ்வாறு அமையலாம்:

“ருவண்டாவின் மலைச்சரிவில் அரிக்கப்படும் மண் ககேரா ஆற்றினால் தன்சானியாவினதும் உகண்டாவினதும் கரைகளுக்கு வந்து சேர்கின்றது. கென்யா சிறு கண்ணுடைய வலைகளைத் தடைசெய்தாலும் மற்ற இரு நாடுகளும் தடைசெய்யாவிடின் மீன்வளம் குறையும். உகண்டா அணையைத் திறந்தால் மூன்று நாடுகளின் கரையிலும் நீர் மட்டம் தாழும். எனவே நீர், மண், மீன் ஆகிய மூன்றும் எல்லையைக் கடப்பதால் முகாமைத்துவமும் எல்லையைக் கடந்ததாக இருத்தல் வேண்டும்.”

இதில் எண்கள் எவையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு வசனத்திலும் ஓர் இடமும் ஒரு காரணமும் ஒரு விளைவும் உள்ளன. இதற்குப் பின்னர் மேலே தந்த ஒத்துழைப்பு ஏற்பாடுகளில் இரண்டை ஆண்டுடன் சேர்த்து, அவை முழு வெற்றி பெறாமைக்கு ஒரு காரணமும் எழுதினால் விடை முழுமையடையும்.

மாணவர்களே, இப்பாடத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு தட்டையும் அதன் மேல் மழையையும், ஓரத்தில் ஒரேயொரு துவாரத்தையும், தட்டைப் பிடித்திருக்கும் மூன்று கைகளையும் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். அந்தப் படம் நினைவில் நின்றால் மற்றவை தாமாகவே வரும். ஒரு கை அசைந்தால் நீர் எந்தப் பக்கம் சிந்தும் என்று உங்களாற் சொல்ல முடிந்தால், நீங்கள் இப்பாடத்தை விளங்கிக்கொண்டுவிட்டீர்கள்.